வாலாஜாபாத்துக்குப் போகாதவர்

கலியாணசுந்தரம் ஐம்பத்தாறு வயது வரைக்கும் பெரிதாகப் பொய் சொன்னவர் இல்லை. தறிக்குழியில் காலை விட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்குப் பொய் சொல்ல ஆள் வேண்டாமா? எதிரே தறியில் நீட்டிக் கட்டிய பாவு நூல், பக்கத்தில் பெண்டாட்டி. பாவிடம் பொய் செல்லாது, அகிலாவிடம் அதைவிடச் செல்லாது. அப்படிப்பட்டவர் அந்த வைகாசியில் ஒரே ஒரு பொய் சொன்னார். அதையும் ஒரு வாரத்துக்கு மட்டும் என்று நினைத்துத்தான் சொன்னார். அது ஊரைச் சுற்றி வந்து அவர் மகள் தலையில் உட்கார்ந்துகொண்டது.

கருட சேவை இல்லாத வைகாசி அது. ஊரடங்கில் கோயில்களெல்லாம் சாத்திக் கிடந்தன. பட்டுக் கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கி இரண்டு மாதம் ஆகப்போகிறது. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் அநேகமாக எல்லாத் தறியும் நின்றுபோயிருந்தது. கலியாணசுந்தரத்தின் தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்ததென்றால், அதில் கோதண்டபாணி மகளின் கூறைப்புடவை இருந்தது.

கோதண்டபாணியைத் தெரியாதவர்கள் அந்த ஜில்லாவில் கிடையாது. இரண்டு தடவை எம்.எல்.ஏ. இப்போது சென்னையில் இருந்துகொண்டு, தினமும் சாயங்காலம் டி.வி.யில் வந்து, இரண்டு கையையும் கூப்பி, "வீட்டிலேயே இருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன், வெளியே வராதீர்கள்" என்று உருகுவார். அவர் உருகுவதைப் பார்த்து அகிலாகூட ஒருநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவருடைய மகளுக்குத்தான் அரக்கு உடலும் பச்சைக் கரையுமாகக் கோர்வைப் புடவை. கோர்வை என்றால் ஊடு நூலை ஓட்டுகிற நாடா உடலுக்கு ஒன்று, கரைக்கு வேறு. ஒருத்தர் தனியாக உட்கார்ந்து நெய்யவே முடியாது. உடலை அவர் ஓட்டுவார், இடது கரைக்கு அகிலா நாடா போடுவாள். இருபத்தெட்டு வருஷமாக அந்த வீட்டில் சண்டை, சமாதானம், சாப்பாட்டுப் பேச்சு எல்லாமே அந்த இரண்டு நாடாக்களுக்கு நடுவில்தான் நடந்தது.

அகிலாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. சாயங்காலம் தறியை நிறுத்தும்போது, தன் பக்கத்துக் கரையோரத்தில் மிச்ச நூலால் ஒரு சின்ன முடிச்சுப் போடுவாள். ஒரு நாளைக்கு ஒரு முடிச்சு. முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தால் நாள் ஒழுங்காகப் போனது என்று அர்த்தம். புடவை முடிந்ததும் அத்தனையையும் கத்தரித்துவிடுவாள்.

முகூர்த்தப் புடவையைத் தறியிலிருந்து அறுக்கும்போது பெண்ணைப் பெற்றவர் கையில் கத்தரியைக் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். கலியாணசுந்தரம் போனில் சொல்லிவிட்டார், "நீங்க வரமுடியாதுங்க, நானே கற்பூரம் காட்டி அறுத்துடறேன்" என்று. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தெருவில் வெள்ளைக் கார் வந்து நின்றது. கண்ணாடியில் 'நிவாரணப் பணி ஆய்வு' என்று அச்சடித்த காகிதம். கோதண்டபாணியே இறங்கினார்.

"என் பொண்ணு புடவைய நான் அறுக்காம யாருய்யா அறுக்கிறது? சாஸ்திரத்த வுட்டுட முடியுமா?" என்றார்.

முகக்கவசத்தைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, தறிமேடையில் உட்கார்ந்து, கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டுக் கத்தரியை வாங்கினார். அறுக்கும்போது அவர் கண் கலங்கியது. அதைப் பார்த்துக் கலியாணசுந்தரத்துக்கும் கலங்கியது. பெண்ணைப் பெற்றவனுக்குப் பெண்ணைப் பெற்றவன் நெஞ்சு தெரியும். கூட வந்த டிரைவர் வாசற்படியில் நின்று இருமிக்கொண்டே தண்ணீர் கேட்டான். அகிலா சொம்பில் கொடுத்தாள். சொம்பைத் திரும்ப வாங்கி அப்படியே குடத்தின் மேல் கவிழ்த்தாள்.

மறுநாளே அதே பாவில் அடுத்த புடவையைத் தொடங்கிவிட்டார்கள். கத்திரி வெயிலில் பட்டு நூல் சும்மாவே அறுந்துகொண்டிருந்தது. குழியில் ஈரச் சாக்கைப் போட்டுப் போட்டு ஓட்டினார்கள். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். ஐந்து முடிச்சு. வியாழன் காலையில் ஒரு சாண் போனதும் அகிலாவின் கையிலிருந்து நாடா நழுவியது.

"இன்னாடி?"

"ஒண்ணும் இல்ல. ஒடம்பு காயுது. குழம்புல வடகம் போட்டனா இல்லியான்னு பாரு, எனக்கு வாசனையே வரல."

சனிக்கிழமை ஆம்புலன்ஸ் வந்தது. உறை மாதிரி உடுத்திக்கொண்ட இரண்டு பேர் அகிலாவை ஏற்றினார்கள். கலியாணசுந்தரத்துக்குத் தொற்று இல்லை. பதினாலு நாள் வீட்டைவிட்டு வரக்கூடாது என்று கதவில் ஒட்டிவிட்டு, சுகாதார ஆபீசர் வாசலில் நின்றபடி அட்டையில் காகிதத்தை வைத்துக் கேட்டார்.

"போன பத்து நாள்ல உங்க வூட்டுக்கு யார் வந்தாங்க? வெளிய எங்க போனீங்க? மறைக்காம சொல்லுங்க."

அங்கேதான் மனுஷன் சறுக்கினார். அடுத்த வெள்ளிக்கிழமை கோதண்டபாணியின் பெண்ணுக்குக் கல்யாணம். கூறைப்புடவை அறுத்த வீட்டில் நோய், சாவு எது விழுந்தாலும் தாலி ஏறும்வரை பெண் வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்பது அவர்கள் குடும்பத்தில் ரத்தத்தில் ஊறின விஷயம். அவருடைய அப்பா செத்த அன்றைக்குக்கூட, இரண்டு நாளைக்கு முன்னால் அறுத்துக்கொடுத்த புடவைக்காகப் பறை கூட அடிக்காமல் தூக்கிப்போனார்கள். தெரிந்தால் புடவை திரும்பிவிடும். கட்டாத கூறைப்புடவை தறிக்காரன் வீட்டுக்குத் திரும்பி வருவதைப் போன்ற கேடு அவர்களுக்கு வேறில்லை. இப்போது கோதண்டபாணி பேரைச் சொன்னால், ஆபீசர் நேரே கல்யாண வீட்டுக்குத்தான் போவார். அங்கேயும் கதவில் காகிதம் ஒட்டுவார். தன் வாயால் ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்பதா?

"யாரும் வரலீங்க" என்றார்.

"அப்ப நோய் ஆகாசத்துல இருந்தா குதிச்சுது? நீங்க எங்கியோ போயிருக்கணுமே?"

அவருக்குப் போக்கிடம் என்று இருந்ததே ஒரே ஊர்தான். மகள் மஹாலட்சுமியைக் கட்டிக்கொடுத்த ஊர். அதுவே நாக்கில் வந்தது.

"வாலாஜாபாத் போயிருந்தேங்க. திங்கக்கிழம. பொண்ண பாத்துட்டு வந்தேன்."

ஆபீசர் எழுதிக்கொண்டார்.

மறுநாள் பேப்பரில் வந்துவிட்டது. 'ஊரடங்கை மீறி ஊர் சுற்றிய நெசவாளர்: மனைவிக்குத் தொற்று, இரண்டு ஊர்களில் தெருக்களுக்குச் சீல்'. பேர், தெரு, வயது, சம்பந்தி நடத்துகிற மாவு மில்லின் பேர் எல்லாமே இருந்தது. கீழே 'நமது நிருபர்' என்று போட்டிருந்தது. நமது நிருபர் வேறு யாருமில்லை, நாலு வீடு தள்ளி இருக்கிற லோகேஷ். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. சின்ன வயதில் இந்த வீட்டில் உட்கார்ந்து கூழ் குடித்தவன்.

காலை எட்டு மணிக்குள் தெருவின் இரண்டு முனையிலும் தகரம் அடித்துவிட்டார்கள். எட்டரைக்கு மஹாலட்சுமி கூப்பிட்டாள். கைக்குழந்தை பின்னால் வீறிட்டுக்கொண்டிருந்தது.

"அப்பா, நீ எப்பப்பா இங்க வந்த?"

அவர் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினார்.

"நீ வரலியேப்பா! மில்லுக்குப் பூட்டு போட்டுட்டாங்க. தெருவே வாசல்ல வந்து நின்னு கத்துது. மாமனாரு கேக்கறாரு, 'உங்கப்பன எந்த நேரத்துல கொல்லப்பக்கமா வுட்டே'ன்னு. நான் இல்லன்றேன், அவரு பேப்பர மூஞ்சிக்கு நேரா நீட்டறாரு. 'உங்கப்பனே தன் வாயால சொல்லிட்டான், நீ மட்டும் ஏன்டி இன்னும் மறைக்கிறே'ன்றாரு. எங்க வூட்டுக்காரரும் பேச மாட்டேன்றாரு. என்னையும் கொழந்தையையும் தவுட்டு மூட்ட போடற கொட்டாய்ல வெச்சிருக்காங்க. ஏம்பா அப்பிடி சொன்ன?"

"இன்னும் அஞ்சு நாள் பொறுத்துக்கம்மா. வெள்ளிக்கிழம தாலி ஏறிடும். அப்பால நானே சொல்லிடறேன்."

"யாருக்குப்பா தாலி?"

அவர் அந்தப் போனை வைத்தார். சம்பந்திக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மாப்பிள்ளை குரு எடுத்து, "ஆபீசரு கிட்ட ஒண்ணு, எங்க கிட்ட ஒண்ணா? வெச்சுடுங்க" என்றான்.

அந்த வாரம் நடுவில் ஒரு டி.வி.க்காரன் எங்கிருந்தோ ஒரு படத்தைப் பிடித்துப் போட்டுவிட்டான். காஞ்சிபுரம் எல்லைச் சாவடியில் கோதண்டபாணியின் வெள்ளைக் கார். வீட்டிலேயே இருக்கச் சொன்னவர் ஏன் வீட்டில் இல்லை என்று கேள்வி. சாயங்காலமே அவர் கைகூப்பிக்கொண்டு வந்தார். நிவாரண அரிசி ஏழைகளுக்குச் சரியாகப் போகிறதா என்று பார்க்கப் போனதாகவும், காரைவிட்டே இறங்கவில்லை என்றும் சொன்னார்.

தகரத்துக்கு இரண்டு பக்கமும் நின்று ஊர் அதையே பேசியது. உள்பக்கம் பக்கத்து வீட்டுத் தேவேந்திரன். அவரும் தறிக்காரர்தான், கோதண்டபாணியின் கட்சியில் வார்டுச் செயலாளர். வெளிப்பக்கம் காசிநாதன். ஷேர் ஆட்டோ ஓட்டியவர், ஆட்டோ ஓடாததால் அடைபட்ட தெருக்களுக்குப் பாலும் காய்கறியும் கொண்டுவந்து தகரத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தார். மஞ்சள் கொழுந்துவிட்ட வெயிலில் பால் பாக்கெட் கையிலேயே சூடாகிக்கொண்டிருக்கும், பேச்சு முடியாது.

"பத்திரிகைக்காரனுங்களுக்கு எங்க தலைவர கண்டா ஆவாது" என்றார் தேவேந்திரன். "அவரு வந்தா குத்தம், வரலன்னா 'எட்டிப்பாக்கல'ன்னு குத்தம். ஒரு மனுஷன் கார்ல போனத போயி..."

"கார்ல போனத யாருபா கேட்டது?" என்றார் காசிநாதன். "எங்கம்மா செத்தப்ப நான் கூரத்துல இருந்து வந்தேன். ரோட்டுல நிறுத்தி முட்டி போட வெச்சானுங்க. அத போட்டோ புடிச்சு, 'ஊர் சுற்றிகளுக்கு நூதன தண்டனை'ன்னு சிரிச்சிக்கினே போட்டானுங்க. நான் போனா ஊர் சுத்தி. அவரு போனா ஆய்வா?"

"உன் போட்டோவ போட்டது தப்புதான். அதுக்காவ அவரையும் போடணுமா?"

"போடாதன்னு தான் நானும் சொல்றேன். எம் மூஞ்சிய போடாதன்னு சொல்ல எனக்குத்தான் ஆளில்ல."

"அவரு காரவுட்டு எதுக்குய்யா எறங்கப்போறாரு? அவருக்கு இன்னா இந்தத் தெருவுல வேல?"

தேவேந்திரனுக்குத் தெரியாதா என்ன. அன்றைக்கு வெள்ளைக் காருக்குத் தெருமுனையில் சால்வையோடு நின்றவரே அவர்தான். முனைத் தகரத்தை ஒட்டிய தன் வீட்டு வாசலுக்குள் நின்று கலியாணசுந்தரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தேவேந்திரன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பால் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பேப்பரில் பேர் வந்த பிறகும் புடவை திரும்பி வரவில்லை; வெள்ளிக்கிழமை கல்யாணம் நடந்தது. சனிக்கிழமைப் பேப்பரில் பெரிய படம். 'இருபது பேருடன் எளிமைத் திருமணம்: முன்னுதாரணமான தலைவர்'. பெண் அந்த அரக்குப் புடவையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். கலியாணசுந்தரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இடது கரை தோளில் விழுந்திருந்தது. அகிலா போட்ட கரை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு லோகேஷுக்குப் போன் போட்டார். தாலி ஏறிவிட்டது, இனி வாய் அவருடையது.

தகரம் அடித்ததிலிருந்து ஆபீசிலேயே தங்கியிருந்த லோகேஷ் வந்து தகரத்துக்கு வெளியே நின்றான். கலியாணசுந்தரம் வாசலிலிருந்தே தொண்டை கிழியச் சொன்னார். கார் வந்தது, கத்தரி கொடுத்தது, டிரைவர் இருமியது, சொம்பு, எல்லாவற்றையும் சொன்னார். தெரு முழுக்கக் கேட்டது. தேவேந்திரன் வீட்டில் ஜன்னல் சாத்தும் சத்தமும் கேட்டது.

"மாமா, இத நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றான் லோகேஷ்.

"நீ அன்னிக்கே எங்கிட்ட கேட்டிருக்கணும். நாலு வூடு தள்ளி இருக்கிற. வந்து ஒரு வார்த்த, 'மாமா, மெய்யாலுமே போனியா'ன்னு கேட்டியா?"

"ஆபீஸ்ல குடுத்த நோட்டுல உங்க வாக்குமூலம் இருந்துது. நீங்க சொன்னதத்தான் போட்டேன்."

"அவரு 'எறங்கல'ன்னு சொன்னதயும் போட்ட. அதுக்கு எவன் குடுத்தான் நோட்டு?"

"அவரு சொன்னாரு, போட்டோம்."

"நான் சொன்னா தண்டனை, அவரு சொன்னா நியூசு."

"மாமா, கத்தாதீங்க. இப்ப நீங்க மாத்தி சொன்னா, எதிர்க்கட்சிக்காரன் துட்டு குடுத்தான்னு சொல்லுவாங்க. எதனா ஆதாரம் இருக்குதா? போட்டோ? வீடியோ?"

கலியாணசுந்தரம் உள்ளே திரும்பித் தறியைப் பார்த்தார். அப்புறம், "தறி இருக்குது" என்றார்.

அவன் போனைத் தகரத்துக்கு மேலே கயிற்றில் இறக்கச்சொல்லி இழுத்து வாங்கி, தறியின் மேல் பிடித்துப் படமெடுத்தார். ஐந்து முடிச்சு. நடுவில் சமமாக ஒவ்வொரு முழம். திங்கட்கிழமை முடிச்சு மூன்றாவது. அதற்கு முன்னாலும் முழு முழம், பின்னாலும் முழு முழம். ஆறாவது முடிச்சு விழாமல் ஒரு சாணோடு துணி நின்றிருந்தது. கோர்வைக் கரை இரண்டு கை இல்லாமல் நகராது. அவர் திங்கட்கிழமை வாலாஜாபாத்தில் இருந்திருந்தால் அந்த ஒரு முழத்தை யார் நெய்தது? லோகேஷ் தறிக்காரன் பிள்ளை. போனைத் திரும்ப வாங்கிப் படத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"எழுதறேன் மாமா. என் வேல போனாலும் எழுதறேன்" என்றான்.

எழுதத்தான் எழுதினான். முடிச்சு, முழம், சொம்பு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினான். திங்கட்கிழமைப் பேப்பரில் வந்தது. 'தலைவர் மீது புகார்: வாக்குமூலத்தை மாற்றினார் ஊரடங்கை மீறிய நெசவாளர்'. நாலு பத்தி கோதண்டபாணியின் மறுப்பு. பாமர மக்களைத் தூண்டிவிடுகிறவர்களை மன்னிப்பதாகச் சொல்லியிருந்தார். கடைசியில் மூன்று வரி: தன் வீட்டுக்கு அவர் வந்ததாக நெசவாளர் இப்போது கூறுகிறார். முடிச்சைக் காணோம், முழத்தையும் காணோம்.

"ரெண்டு தரப்பையும் போட்டுத்தான் ஆவணும்னு சொல்லிட்டாங்க மாமா. முடிச்சு கதையெல்லாம் படிக்கிறவனுக்குப் புரியாதாம்" என்று லோகேஷ் போனில் அழுதான். நிஜமாகவே அழுதான். அந்த அழுகையை வைத்துக்கொண்டு கலியாணசுந்தரம் என்ன செய்வார்? முடிச்சுப் படத்தை அவன் குருவுக்கும் அனுப்பியிருந்தான். 'போட்டோவ எவன் வேணாலும் எடுப்பான்' என்று ஒரு வரியில் பதில் வந்தது.

பதினாலு நாளும் அவர் ஒரு வேளை சோறாக்கி இரண்டு வேளை தின்றார். வெறும் சோறு, கொஞ்சம் மோர். தறியில் ஒரு நூல் ஓடவில்லை. அகிலா தினம் ஆஸ்பத்திரியிலிருந்து பக்கத்துக் கட்டில்காரியின் போனில் பேசுவாள். பேச்சு நாளுக்கு நாள் குட்டையானது. மகள் சேதியை அவர் மறைத்திருந்தார். ஆனால் ஆஸ்பத்திரிக்கும் பேப்பர் போகிறதே.

பன்னிரண்டாம் நாள் அவள் கூப்பிட்டபோது, பின்னால் ஆக்சிஜன் குழாயின் குமிழிச் சத்தம் கேட்டது.

"மஹா... பொய் சொல்ற பொண்ணா?" என்றாள்.

"இல்லடி."

"அவ இல்லன்றா. நீ ஆமான்ற. யார நம்புவாங்க? அப்பன நம்புவாங்க." மூச்சு வாங்கினாள். "அந்தம்மா கரைக்கு நாடா போட்டவங்க."

அவள் சொன்னது சம்பந்தியம்மாள் காமாட்சியம்மாளை. பிள்ளையார்பாளையத்துப் பெண், வாலாஜாபாத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். கல்யாணம் ஆகும்வரை அவளும் தறியில் உட்கார்ந்தவள்.

"அவங்க கையில குடு. தடவிப் பாக்கட்டும். கண்ணால பாத்தா... அவங்களுக்குத் தெரியும். முடிச்ச கத்தரிச்சுடாத."

"தறில இருக்கிறத எப்பிடிடி குடுக்கிறது?"

"அறுத்துக் குடு" என்றாள்.

அதுதான் அவள் அவரிடம் பேசிய கடைசிப் பேச்சு. மறுநாளிலிருந்து அந்தப் பக்கத்துக் கட்டில்காரிதான் எடுத்தாள். "அவங்கள உள்ள இட்டுக்கினு போய்ட்டாங்க ஐயா. மிஷின் வெச்சிருக்காங்க" என்றாள்.

தனிமை முடிந்து கதவுக் காகிதத்தைக் கிழித்த அன்று காலை, கலியாணசுந்தரம் குளித்துத் திருநீறு பூசித் தறிமேடையில் உட்கார்ந்தார். பாதிப் புடவையை யாரும் அறுக்கமாட்டார்கள். அவர் ஆயுசில் அறுத்ததில்லை. கற்பூரம் காட்டத் தோன்றியது, காட்டவில்லை. இது அதற்கான அறுப்பு இல்லை. கத்தரி பட்டதும் இழுத்துக்கட்டியிருந்த பாவு மொத்தமும் தளர்ந்து குழிக்குள் சரிந்தது. ஐந்து முழம் ஒரு சாண் துணியைச் சுருட்டி, வெள்ளைத் துண்டில் கட்டி, கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

தகரம் இன்னும் இருந்தது. தெருக்கோடியில் கால்வாய் ஓரமாகக் காசிநாதன் ஒரு தகரத்தைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்தார்.

"சுந்தரண்ணா, என்னால ஆட்டோவுல இட்டுக்கினு போவ முடியாது. புடிச்சா வண்டிய புடுங்கிக்கிவானுங்க. வேணாண்ணா, ரெண்டு நாள் பொறு."

"கொழந்த தவுட்டுக் கொட்டாய்ல இருக்குதுபா."

"அங்க போயி இன்னா சொல்லுவ?"

"நான் அங்க வரவே இல்லன்னு சொல்லுவேன்."

காசிநாதன் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். சிரிப்பு வரவில்லை. ஒரு பாட்டில் தண்ணீரை அவர் கையில் திணித்தார்.

இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைச்சல். முத்தியால்பேட்டை தாண்டும்போதே வெயில் மண்டையைப் பிளந்தது. ஆயுசு முழுக்கக் குழிக்குள் தொங்கிய கால்கள், அவ்வளவு தூரம் நடந்து பழக்கமில்லை. ரப்பர் செருப்பின் வார் அறுந்தது, கையில் எடுத்துக்கொண்டார். சாலையில் ஒரு பஸ் இல்லை, ஒரு டீக்கடை இல்லை. பாலாற்றுப் பக்கமிருந்து காற்றுக்குப் பதில் மணல் வந்தது. வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். சம்பந்தியம்மா, இது சனிக்கிழம முடிச்சு. இது ஞாயித்துக்கிழம. இது திங்கக்கிழம, தொட்டுப் பாருங்க. உங்க மருமக பொய் சொல்லல. பொய் சொன்னவன் நான்.

வாலாஜாபாத் நாலு கிலோமீட்டர் என்று கல் காட்டிய இடத்தில் இரும்புத் தடுப்பு. வேப்பமர நிழலில் ஒரு ஏட்டு, ஒரு பெண் போலீஸ், மேசை மேல் பதிவேடு. கொஞ்சம் தள்ளி, கழுத்தில் காமிரா தொங்கவிட்ட ஒருத்தர் பைக்கில் சாய்ந்து நின்றிருந்தார்.

"நில்லு. எங்க போற? பாஸ் இருக்குதா?"

"வாலாஜாபாத் போறேங்க. பொண்ணு வூடு. பாஸ் இல்லீங்க."

"பேரு?"

"கலியாணசுந்தரம்."

"எந்த ஊரு?"

"பிள்ளையார்பாளையம்."

ஏட்டு பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "பேப்பர்ல வந்த ஆளா? வாலாஜாபாத் போயி நோய இட்டாந்து ரெண்டு ஊர மூட வெச்சவன்? யோவ், மறுபடியும் அங்கியே கெளம்பிட்டியா?"

காமிராக்காரர் பைக்கிலிருந்து இறங்கினார்.

"இல்லீங்க, அன்னிக்கு நான் போவல..." கலியாணசுந்தரம் அவசரமாகத் துண்டை அவிழ்த்தார். துணி சரிந்து ரோட்டில் விழுந்து உருண்டு விரிந்தது. குனிந்து முடிச்சைத் தேடி எடுத்து நீட்டினார். "இத பாருங்க. இது திங்கக்கிழம. இது எம் பொண்டாட்டி போட்ட முடிச்சு. நான் அன்னிக்கு வூட்ல தான் இருந்தேன். தொட்டுப் பாருங்க சார்."

"தள்ளி நில்லு! எதையும் நீட்டாத" என்று ஏட்டு நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார். அவர் கெட்டவர் இல்லை. அவர் வீட்டிலும் குழந்தைகள் இருந்தன. பெண் போலீசிடம் திரும்பி, "எழுதும்மா. பாஸ் இல்லாம வாலாஜாபாத்துக்கு. ரெண்டாவது முறை" என்றார்.

காமிரா இரண்டு தடவை சொடுக்கியது. கலியாணசுந்தரத்துக்கு நாளைக்குக் காலையில் வரப்போகும் பேப்பர் முழுசாகத் தெரிந்தது. அது விடிவதற்குள் வாலாஜாபாத் போய்விடும். சம்பந்தி அதைக் கொட்டகை வாசலில் நின்று மஹாலட்சுமியின் முகத்துக்கு நேரே நீட்டுவார். ரெண்டாவது முறை என்று போட்டிருக்கும்.

அவர் துணியை விட்டுவிட்டார். தார் ரோட்டில் முட்டி போட்டு உட்கார்ந்தார். யாரும் அவரைப் போடச் சொல்லவில்லை.

"சார், ஜெயில்ல போடுங்க. அடிங்க. இப்பிடியே திருப்பி அனுப்புங்க, நான் போவல. ஒண்ணே ஒண்ணு சார்" என்று இரண்டு கையையும் கூப்பினார். "மொதோ தபான்னு எழுதுங்க சார். உங்க புள்ளைங்க நல்லா இருக்கும். மொதோ தபான்னு மட்டும் எழுதுங்க."